சிம்மாசனத்தைப் பாருங்கள்: சீன அரண்மனைத் தொடர் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்



வேலையெல்லாம் முடிந்து, வீட்டார் உறங்கிய பிறகு, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டே சீனப் பேரரசர்களின் அந்தப்புரத்தில் மூழ்கிக் கிடக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். நானும் உங்களில் ஒருத்தி. ‘ஜென் ஹுவானின் கதை’, ‘யான்ஷி அரண்மனை’, ‘ரூயியின் கதை’ என்று யாராவது ஒரு பெயரைச் சொன்னால் போதும், யார் பக்கம் நியாயம் என்று வாதாடத் தொடங்கிவிடுகிறவர்கள் நாம்.

நம்மிடையே இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. “சும்மா பொழுதுபோகப் பார்க்கிறேன், பொம்பளைங்க சண்டைதானே” என்று கூச்சத்தோடு சொல்வது ஒன்று. “ஆபீஸில் எப்படிப் பிழைப்பது என்று இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்” என்று பெருமையோடு சொல்வது இன்னொன்று. இரண்டுமே எனக்கு வருத்தம் தருகின்றன. கூச்சப்படுகிறவர் தான் பார்ப்பது எத்தனை பெரிய துயரக் கதை என்பதைக் கவனிக்கவில்லை. பெருமைப்படுகிறவர் அந்தத் துயரத்தையே பாடநூலாக்கிக்கொள்கிறார்.

என் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு மனிதரின் விருப்பம் சட்டமாகிவிட்ட இடத்தில், அன்பும் அறிவும் உள்ளவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் இந்தத் தொடர்களில் சிறந்தவற்றின் கதை. நம்மை விடிய விடிய உட்கார வைப்பதும் அதுதான்.

அந்த இடத்தை முதலில் பார்ப்போம். பெய்ஜிங்கின் அரண்மனை நகரம் 1406 முதல் 1420 வரை கட்டப்பட்டது. 72 ஹெக்டேர் பரப்பு. உள்ளே, நடு அச்சின் கிழக்கே ஆறும் மேற்கே ஆறுமாகப் பன்னிரண்டு சிறு அரண்மனைகள். நம் தொடர்களில் வரும் பெண்களின் உலகம் பெரும்பாலும் இந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். சிங் வம்சத்தில் அந்தப் பெண்களுக்கு எட்டுப் படிநிலைகள் இருந்தன. பேரரசி ஒருவர். அடுத்த படியிலும் ஒருவர். அதற்கடுத்து இருவர், பிறகு நால்வர், பிறகு அறுவர். இவற்றுக்கெல்லாம் கீழே உள்ள மூன்று படிகளுக்கு மட்டும் எண்ணிக்கை வரம்பு கிடையாது.

இந்தக் கணக்கை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் கதையின் பாதி விளங்கிவிடும். மேலே இடம் குறைவு, கீழே கூட்டம் அதிகம். உணவு, பட்டு, குளிர்காயும் கரி, பணிப்பெண்கள் என எல்லாம் படிநிலையைப் பொறுத்தே அளந்து தரப்படும். ‘ஜென் ஹுவானின் கதை’யில், பேரரசரின் தயவை இழந்த நாள்களில் நாயகி ஜென் ஹுவானின் அறைக்கு நல்ல கரிகூட வருவதில்லை. வருகிற கரியும் புகையைக் கக்குகிறது. அவளை அழிக்க அன்று யாரும் சதி செய்யத் தேவையில்லை. தயவு போய்விட்டது என்ற செய்தி பரவினாலே போதும், மற்றதை அரண்மனையே பார்த்துக்கொள்ளும்.

உள்ளே வருவதும் அவர்கள் விருப்பம் அன்று. எட்டுக் கொடிப் படைகளைச் சேர்ந்த குடும்பங்களின் பெண்கள், மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேர்வில் முதலில் நின்றாக வேண்டும்; அதில் கழிக்கப்பட்ட பிறகே அவர்களுக்கு வேறு இடத்தில் மணம் பேசலாம். சாதாரணப் பணிப்பெண்கள்கூட 25 வயதானால் வீடு திரும்ப முடிந்தது. துணைவியராகிவிட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை. எதிரியோடு ஒரே கூரையின் கீழ் ஆயுள் முழுக்க வாழ்ந்தாக வேண்டிய இடம் அது.

இத்தகைய இடத்தில் பேச்சுக்கு வரும் கனம்தான் இந்தத் தொடர்களின் முதல் பெரிய ஈர்ப்பு. 2011-இல் வெளிவந்த ‘ஜென் ஹுவானின் கதை’யில் ஒவ்வொரு காலையும் துணைவியர் பேரரசிக்கு வணக்கம் சொல்லக் கூடுகிறார்கள். அவரவர் படிநிலைப்படி இரு வரிசையில் அமர்கிறார்கள். வானிலை, உடல்நலம், புதிதாக வந்த துணி என்றுதான் பேச்சு போகும். ஹுவா என்ற செல்வாக்கு மிக்க துணைவி வேண்டுமென்றே தாமதமாக வருவாள். அந்தத் தாமதம் பேரரசியின் முகத்தில் அறைவதற்குச் சமம். பேரரசியோ, இரவு பேரரசருக்குப் பணிவிடை செய்து களைத்திருப்பாள் என்று கனிவாக மன்னிப்பார். அந்தக் கனிவு அங்கிருக்கும் மற்றப் பெண்கள் அத்தனை பேரின் பொறாமையையும் ஹுவாவின் பக்கம் திருப்பிவிடும். கத்தி இல்லை, கூச்சல் இல்லை. இரண்டு வாக்கியங்களில் ஒரு போர் நடந்து முடிந்திருக்கும்.

இந்தத் தொடரின் உரையாடல்கள் ‘சிவப்பு மாளிகைக் கனவு’ என்ற 18-ஆம் நூற்றாண்டு நாவலின் நடையைப் பின்பற்றியவை. அதை எழுதிய சாவ் ஷுவேச்சினின் குடும்பம் பேரரசக் குடும்பத்தின் ஊழியத்தில் இருந்து செழித்தது. யோங்செங் பேரரசரின் ஆட்சியில் சொத்தெல்லாம் பறிமுதலாகிச் சரிந்தது. அந்த நாவலிலும் ஒரு மகள் பேரரசரின் துணைவியாகிறாள். பிறந்த வீட்டுக்கு ஒருமுறை வர அவளுக்கு அனுமதி கிடைக்கிறது. ஊரே வியக்கும் ஆடம்பரத்துக்கு நடுவே அவள் அழுகிறாள். நம் தொடர்களில் பட்டும் பொன்னும் போர்த்திக்கொண்டு கண்ணீரை அடக்கும் பெண்களின் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

அடுத்து, ‘ஜென் ஹுவானின் கதை’யில் வரும் ஆன் லிங்ரோங். நம்மில் பலர் வெறுக்கும் பாத்திரம் இவள். ஆனால் அவளுடைய முதல் காட்சியை மறுபடி பாருங்கள். சிறிய அதிகாரி ஒருவரின் மகள். தேர்வு நாளில் எளிய ஆடையோடு நிற்கிறாள். கைதவறித் தேநீரைச் சிந்திவிட்டதற்காகப் பணக்காரப் பெண் ஒருத்தி எல்லார் முன்னிலையிலும் அவளை ஏசுகிறாள். முன்பின் அறியாத ஜென் ஹுவான் இடையில் புகுந்து காப்பாற்றி, ஒரு பூவை எடுத்து அவள் தலையில் சூடிவிடுகிறாள். இருவர் கண்ணிலும் உண்மையான நன்றியும் பரிவும் இருக்கின்றன. இந்த இருவரும் பின்னாளில் ஒருவரையொருவர் அழிக்கும் நிலைக்கு வருகிறார்கள். நடுவில் நடந்தது என்ன? தந்தை சிறைப்படும்போது யாரிடமாவது கெஞ்சித்தான் மீட்க வேண்டியிருக்கிறது. பாடத் தெரிந்ததால் பாட வைக்கப்படுகிறாள். பாடியதற்காகவே இழிவாகவும் பேசப்படுகிறாள். அவளுடைய அச்சத்தைக் கண்டுகொண்ட பேரரசி அவளைக் கருவியாக்கிக்கொள்கிறார். ஒரு நல்ல பெண் படிப்படியாகக் கெட்டுப்போவதை இத்தனை பொறுமையாகக் காட்ட 76 பகுதிகள் தேவைப்பட்டன. பிற்பாடு அமெரிக்காவில் இதை ஆறு நீண்ட பகுதிகளாகச் சுருக்கினார்கள். கதை அதிலும் இருக்கிறது. ஆனால் மனம் மாறுவதற்கு வேண்டிய காலம் அதில் இல்லை. புதிதாகப் பார்க்க வருகிறவர்களிடம் முழுத் தொடரையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஹுவாவின் முடிவை மறந்தவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் கருவுற்றிருந்தாள். துவான் என்ற இன்னொரு துணைவி கொண்டுவந்த மருந்தைக் குடித்தபின் கரு கலைந்தது. ஆத்திரத்தில் துவானுக்குக் குசும்பப்பூக் கரைசலைப் புகட்டி, அவளும் இனி தாயாக முடியாதபடி செய்தாள். இரு பெண்களும் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். பேரரசரோ ஹுவாவுக்கு மட்டும் என்று தனியாக ஒரு நறுமணத் தூபம் தந்திருந்தார். தன்மேல் அவருக்குள்ள காதலின் அடையாளம் என்று நினைத்து அவள் அதை நாள்தோறும் எரித்தாள். அதில் கருத்தரிப்பைத் தடுக்கும் என்று நம்பப்பட்ட கஸ்தூரி கலந்திருந்தது. அவள் வீழ்ந்து கிடக்கும்போது ஜென் ஹுவான் வந்து இதைச் சொல்கிறாள். படைத்தளபதியின் தங்கையான ஹுவாவுக்குப் பிள்ளை பிறந்தால் அரியணைக்கு ஆபத்து என்று பேரரசர் அஞ்சினார். அந்தப் பழைய மருந்தும் அரண்மனையின் மேலிடத்து ஏற்பாடுதான். இதைக் கேட்டதும் ஹுவா சுவரில் தலையை மோதி உயிரை விடுகிறாள். அதுவரை அவளைச் சபித்துக்கொண்டிருந்த நாம் அந்த நொடியில் அவளுக்காக அழுகிறோம். இரு பெண்களின் பகை என்று நாம் நம்பிவந்தது, மூன்றாவது ஒருவர் ஓசையில்லாமல் செய்து முடித்த காரியம்.

உண்மை வரலாறு சற்று வேறு. தொடரில் வரும் பேரரசரான யோங்செங்கின் உண்மையான துணைவியருள் ஒருவர், சிங்ஹாய்ப் போரில் வென்ற தளபதி நியன் கெங்யாவின் தங்கை. அவருக்கு நான்கு குழந்தைகள் பிறந்தன. ஒருவரும் வளர்ந்து ஆளாகவில்லை. 1725-இன் இறுதியில் அவர் நோயால் இறந்தார். அடுத்த சில வாரங்களில், 92 குற்றங்கள் சுமத்தப்பட்டிருந்த அண்ணனுக்குத் தற்கொலை செய்துகொள்ளும்படி ஆணை வந்தது. தூபம் கற்பனை. ஆனால் அண்ணனின் வெற்றி தங்கைக்குச் செல்வாக்கையும் சந்தேகத்தையும் சேர்த்தே கொண்டுவரும் என்பது கற்பனை அன்று.

கற்பனைக்கும் வரலாற்றுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018-இல் ஒரே கோடைகாலத்தில் இரண்டு தொடர்கள் வந்தன. இரண்டும் சியென்லோங் பேரரசரின் காலம். ‘யான்ஷி அரண்மனை’யில் வெய் குலத்துப் பெண் நாயகி, தன் அக்காவைக் கொன்றவரைத் தேடி அரண்மனைக்குப் பணிப்பெண்ணாக வருகிறாள். பிற்காலத்தில் பேரரசியாகும் நாரா அதில் கொடியவர். ‘ரூயியின் கதை’யில் அந்த நாராதான் நாயகி, வெய் குலத்துப் பெண் கொடியவள். உங்களில் சிலர், எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் எதையும் உறுதிசெய்ய வழியில்லை என்பதுதான் நேர்மையான பதில். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவர்கள் வாய்மொழியாக நமக்கு எதுவும் கிடைக்கவில்லை. சியென்லோங்கின் பெயரில் 40,000-க்கும் மேற்பட்ட கவிதைகள் இருக்கின்றன. அவருடைய பேரரசி நாராவைப் பற்றியோ பதவி, தேதி, தண்டனை என்ற அளவில்தான் தெரிகிறது.

தெரிந்த அந்தச் சிறிதளவே மனத்தை உலுக்கப் போதுமானது. 1765-இல் பேரரசரின் தெற்குப் பயணத்தில் ஹாங்சோவுக்குச் சென்றிருந்தபோது நாரா தன் கூந்தலை வெட்டிக்கொண்டார். சிங் வம்சத்தாரின் மஞ்சு இன வழக்கப்படி கணவருக்கோ மாமியாருக்கோ துக்கம் காக்கும்போதுதான் பெண் கூந்தலை வெட்டுவாள். இருவரும் உயிரோடிருக்கையில் அப்படிச் செய்வது பெரும் குற்றம். உடனே அவரைப் பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு இறந்தார். பேரரசிக்குரிய மரியாதையோடு அடக்கம் நடக்கவில்லை. தனிக் கல்லறைகூட இல்லை, இன்னொரு துணைவியின் கல்லறையில் ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். ஏன் வெட்டினார் என்பது இன்றுவரை புதிர். ‘ரூயியின் கதை’ 87 பகுதிகளையும் இந்த ஒரு செயலை நோக்கித்தான் நகர்த்துகிறது. நாராவாக நடிக்கும் ஜோ ஷுன் கூந்தலை வெட்டிக்கொள்ளும்போது நாம் பார்ப்பது, வாழ்நாள் முழுக்க முறைப்படி நடந்த ஒரு பெண் முதல்முறையாகத் தன் விருப்பத்தைச் செயலில் காட்டுவதை. ஆவணம் விட்டுவிட்ட இடத்தில் ஒரு மனத்தை வைத்துப் பார்க்கிறது அந்தத் தொடர். அதனால்தான் அதை மதிக்கிறேன்.

அதே பேரரசர் தன் முதல் பேரரசி ஃபூச்சாவை உண்மையிலேயே நேசித்தார். 1748-இல் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் இறந்தபோது சியென்லோங் கலங்கிப்போனார். துக்க நாள்களில் முடி மழித்துக்கொண்டார்கள் என்பதற்காக அதிகாரிகள் பலர் தண்டிக்கப்பட்டார்கள். உயர்பதவியில் இருந்த சிலர் உயிரையே இழந்தார்கள். கோபத்தால் ஒரு மனைவியின் நினைவையே அழித்தவர், காதலாலும் பிறரைக் கொன்றார். தடுக்க ஆளில்லாத அதிகாரத்தில் அன்பும் ஆபத்தாகிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக்காட்ட முடியாது.

இது பெண்களின் கதை மட்டுமே என்று நினைக்கிறவர்கள் 2015-இல் வந்த ‘லாங்யா பட்டியல்’ தொடரைப் பார்க்க வேண்டும். அதில் பொய்க் குற்றச்சாட்டால் 70,000 வீரர்கள் கொண்ட படை அழிக்கப்படுகிறது. உயிர்தப்பிய இளம் தளபதி முகமும் பெயரும் மாறி, நோயுற்ற மதியூகியாகத் தலைநகருக்குத் திரும்புகிறார். அவர் அரியணையைக் கேட்கவில்லை. இறந்தவர்கள் துரோகிகள் அல்லர் என்று பேரரசர் வாயால் வர வேண்டும், அவ்வளவுதான். பேரரசரின் பிறந்தநாள் விருந்தில் அவருடைய தங்கையே எழுந்து, தன் கணவரின் வாக்குமூலத்தை வாசித்து, வழக்கை மறுபடி விசாரிக்கக் கோருகிறார். பிறகு அவையோர் ஒவ்வொருவராக முன்வந்து அந்தக் கோரிக்கையை ஆமோதிக்கிறார்கள். தலை குனிந்தே பழகிய மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் துணிவு பெறும் அந்தக் காட்சி, நான் பார்த்த அத்தனை அரண்மனைத் தொடர்களிலும் உயர்ந்தது. சூழ்ச்சி அங்கே நியாயத்தின் கருவியாகிறது. ஆனால் அதைச் செய்தவரின் உடலையும் பெயரையும் அது விலையாக வாங்கிக்கொள்கிறது.

இந்த வகைத் தொடர்களுக்குச் சீனாவிலேயே எதிர்ப்பு உண்டு. ‘யான்ஷி அரண்மனை’ 2018-இல் உலக அளவில் கூகுளில் மிக அதிகமாகத் தேடப்பட்ட தொலைக்காட்சித் தொடராக இருந்தது. 2019 ஜனவரியில் பெய்ஜிங் நாளிதழ் நிறுவனத்தின் வார இதழ் ஒன்று அரண்மனைத் தொடர்கள்மீது ஐந்து குற்றச்சாட்டுகளை அடுக்கியது. அரச ஆடம்பரத்தைப் பார்த்து மக்களை ஏங்க வைக்கின்றன, சூழ்ச்சி மனப்பான்மையைப் பரப்புகின்றன, பேரரசர்களைப் புகழ்கின்றன என்பவை அவற்றுள் சில. அதன்பின் அலைவரிசைகளின் பட்டியலிலிருந்து இத்தகைய தொடர்கள் நீங்கின.

ஆடம்பரத்தைப் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை உண்டு. பூ வேலைப்பாடும் தலையணியும் மட்டும் கண்ணில் நிற்க, கதை மறந்துபோகும் தொடர்கள் நிறைய வந்துவிட்டன. ஆனால் கைத்திறனைக் காட்டுவது வேறு, ஆடம்பரத்தைக் காட்டுவது வேறு. ‘யான்ஷி அரண்மனை’யில் பெண்கள் ஒவ்வொரு காதிலும் மும்மூன்று தோடுகள் அணிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது மஞ்சுப் பெண்களின் மரபு. பட்டு இழையில் செய்யும் நான்ஜிங் பூக்களையும் அந்தத் தொடர் முன்னுக்குக் கொண்டுவந்தது. மங்கிவந்த கைத்தொழில்களின்மேல் இளைஞர்களின் பார்வையைத் திருப்பியது. யான்ஷி அரண்மனையின் உண்மை வளாகத்தைக் காணவும் மக்கள் கூட்டமாகப் போனார்கள். அங்கே இருப்பதோ 1845 தீயில் எரிந்துபோன பழைய கட்டடங்களின் இடத்தில் 1909-இல் எழுப்பத் தொடங்கி, வம்சம் வீழ்ந்ததால் அரைகுறையாக நின்றுவிட்ட இரும்புக் கட்டடம். தொடர் காட்டிய பொலிவைத் தேடிப் போனவர்கள் வரலாற்றின் எலும்புக்கூட்டைக் கண்டு திரும்பினார்கள். அதுவும் நல்ல கல்விதான்.

சூழ்ச்சி மனப்பான்மை பரவுகிறது என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். சீனாவிலும் இளம் ஊழியர்கள் ‘ஜென் ஹுவானின் கதை’யை அலுவலகப் பிழைப்புக்கு வழிகாட்டியாகப் படித்ததுண்டு. நம்மவர்களும் துண்டுக் காட்சிகளைப் பகிர்ந்து, “மேலதிகாரியிடம் இப்படித்தான் பேச வேண்டும்” என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து அந்தத் தொடரின் இறுதியை நினைத்துப் பாருங்கள். ஜென் ஹுவான் எல்லாரையும் வென்றுவிட்டாள். உயிர்த்தோழி மெய்ஜுவாங் இறந்துவிட்டாள். தான் நேசித்த இளவரசருக்குத் தன் கையாலேயே நஞ்சு கொடுக்கும்படி ஆணை வந்தது. அவர் அந்தக் கோப்பையைத் தானே எடுத்துக் குடித்துவிட்டார். பேரரசரின் அன்புகூட இறந்துபோன வேறொரு பெண்ணின் சாயலுக்கானது என்பதை அவள் என்றோ அறிந்துவிட்டாள். நாட்டின் மிக உயர்ந்த பெண்ணாக அமரும்போது அவளோடு மனம்விட்டுப் பேச ஆள் இல்லை. இதை வெற்றிக்கதை என்று எழுதியவர்களே நினைக்கவில்லை. ஜென் ஹுவானாக நடித்த சன் லியின் முகத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் எதற்கும் மலர்ந்த அந்த முகம் கடைசியில் எதற்கும் அசைவதில்லை. அந்த நடிப்புக்காகத்தான் 2013-இல் சர்வதேச எம்மி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். புதியவர்கள் ‘ஜென் ஹுவானின் கதை’யிலிருந்து தொடங்குங்கள், பெயர்களும் பட்டங்களும் முதல் பத்துப் பகுதிகளில் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ‘யான்ஷி அரண்மனை’யையும் ‘ரூயியின் கதை’யையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே பெண் ஒன்றில் தெய்வமாகவும் மற்றொன்றில் பேயாகவும் வருவதைக் கண்டபின், யாரைப் பற்றியும் ஒரு பக்கக் கதையை நம்பத் தயங்குவீர்கள். பார்த்து முடித்ததும் அந்த மனிதர்களின் உண்மை வரலாற்றைத் தேடிப் படியுங்கள். திரையில் நஞ்சருந்தி இறக்கும் இளவரசர், நிஜத்தில் யோங்செங்குக்குப் பிறகும் வாழ்ந்து 1738-இல்தான் இறந்தார் என்பதை அறிந்தால் கதையின் சுவை குறையாது. எழுத்தாளர் எதை, எதற்காக மாற்றினார் என்று யோசிக்கும் சுவையும் சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பெண்கள் மோதும் ஒவ்வொரு காட்சியிலும் சட்டகத்துக்கு வெளியே இருப்பவரை நினையுங்கள். யாருடைய ஒரு சொல்லுக்காக இவர்கள் மோதுகிறார்கள்? மோதல் முடிந்ததும் யாருக்கு ஒன்றும் ஆகவில்லை? இந்த இரண்டு கேள்விகளோடு பார்த்தால் ஆன் லிங்ரோங்கையும் ஹுவாவையும் நாராவையும் திட்ட மனம் வராது. அலுவலகத்திலோ குடும்பத்திலோ ஒருவர் கண்ணசைவுக்காகச் சமமானவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் நிலை வரும்போது, எதிரே நிற்பவரை வீழ்த்தும் வழியைத் தேடுவதற்கு முன் அந்த நிலையை உண்டாக்கியது யார் என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்கப் பழக்கும் கதையைப் பார்க்கிறோம் என்று யாரிடமும் தலைநிமிர்ந்தே சொல்லலாம்.

அன்புடன்,
உங்களோடு சேர்ந்து பார்க்கும் ஒருத்தி